புல்லுக்கு தண்ணி ஊத்தறதை எப்படி நிறுத்தறது: ஃபைனா, முறைநாளா, மீட்டரா, சீலா?

குன்னூர்ல பிப்ரவரி தாண்டிட்டா டீக்கடையில பேச்சு ஒண்ணுதான், ஊருக்கு குடிதண்ணி கொடுக்கற ரேலியா அணையில எத்தனை அடி நிக்குது. மொத்தம் 43.7 அடி. ஐப்பசி கார்த்திகை மழை ஒழுங்கா பெய்ஞ்சிருந்தா ஏப்ரல் வரைக்கும் ஓட்டிடலாம், எமரால்டு அணைத் தண்ணியும் வந்துட்டா இன்னும் கொஞ்சம் தெம்பு. மழை ஏமாத்திடுச்சுன்னா மாசி மாசமே வால்வு திறக்கற நாள் தள்ளித் தள்ளிப் போக ஆரம்பிச்சுடும், ஒட்டி ஒட்டி வரிசையா கட்டின லைன் வீடுங்க பக்கம் குடம் வரிசை கட்டும், அதே நேரம் மேட்டுல ஏதோ ஒரு காட்டேஜ்ல ஸ்பிரிங்ளர் ஜம்முனு சுத்திட்டு இருக்கும். பாக்கறவங்களுக்கு வயிறு எரியாம என்ன பண்ணும்.

வர்ற கோடைக்கு முன்னாடி இதுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்னு எங்க குடியிருப்போர் சங்கத்துல இருந்து நகராட்சிக்கு மனு கொடுக்கறதா முடிவாயிடுச்சு. கட்டுப்பாடு வேணும்கறதுல யாருக்கும் மறுப்பு இல்ல, அதை எப்படி அமல்படுத்தறதுங்கறதுலதான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஃபைன் போடுன்னு ஒருத்தர், கனெக்‌ஷனை கட் பண்ணுன்னு ஒருத்தர், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டு மானத்தை வாங்கணும்னு இன்னொருத்தர். ஒவ்வொண்ணும் நம்ம மலை ஊருக்கு எவ்வளவு தூரம் ஒத்துவரும்னு நான் யோசிச்சதை இங்க எழுதறேன், யாருக்காவது மாத்துக் கருத்து இருந்தா தாராளமா சொல்லுங்க.

முதல்ல கணக்கு. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் தண்ணி நின்னா அது 1 லிட்டர். 10 சென்ட் புல்வெளின்னா ஏறக்குறைய 400 சதுர மீட்டர், வெயில் காலத்துல அதை பச்சையா வச்சிருக்க நாளைக்கு 4 மில்லிமீட்டர் ஊத்தணும்னு வச்சுக்கிட்டா தினம் 1,600 லிட்டர். பாதாள சாக்கடை இருக்கற ஊர்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கறதுதான் அரசாங்க அளவுகோல், நாலு பேர் குடும்பத்துக்கு 540. அப்போ ஒரே ஒரு 10 சென்ட் புல்வெளி மூணு குடும்பத்துத் தண்ணியை குடிக்குது, அதுவும் அந்த 540 நமக்கு முழுசா வர்ற நாள்லதான் இந்த ஒப்பீடே செல்லும், கோடையில அதுல எவ்வளவு வருதுன்னு வீட்டுல இருக்கறவங்களை கேளுங்க.

அந்தப் புல்லு தண்ணி இல்லன்னா செத்துடுமான்னா, சாகாது. இங்க பெரும்பாலும் இருக்கறது கிக்குயு புல், ஆப்பிரிக்காவுல இருந்து வந்து நம்ம மலையில வேண்டாத இடமெல்லாம் பரவிக் கிடக்கற ஜாதி. மேல காஞ்சு பழுப்பா போனாலும் கீழ தண்டும் வேரும் உயிரோட கிடக்கும், ரெண்டு நல்ல கோடை மழை விழுந்தா தானா துளிர்க்கும். அதனால இங்க போறது புல்லோட உயிர் இல்ல, ரூம் எடுத்து தங்க வர்றவங்க கண்ணுக்கு ஒரு பச்சை, அவ்வளவுதான்.

இப்போ ஃபைன். நிறைய பேர் பெங்களூரை உதாரணம் சொல்றாங்க. 2024 மார்ச்ல அங்க குடிநீர் வாரியம் கார் கழுவ, தோட்டத்துக்கு ஊத்த, கட்டட வேலைக்கு குடிதண்ணி பயன்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டு மீறினா 5,000 ரூபாய், மறுபடி மீறினா கூடவே நாளுக்கு 500ன்னு சொன்னாங்க. ஆரம்பத்துல மூணு நாள்ல 22 வீட்டுக்கு போட்டு 1.1 லட்சம் வசூல்னு நியூஸ் வந்துச்சு. நல்ல விஷயம்தான், அந்த நியூஸை பார்த்தே பாதிப் பேர் பைப்பை மூடியிருப்பாங்க. ஆனா கோடிக்கும் மேல ஜனம் இருக்கற ஊர்ல 22 வீடு, இதுலேயே தெரியுது கையும் களவுமா புடிக்கறது எவ்வளவு கஷ்டம்னு.

நம்ம ஊர்ல இன்னும் கஷ்டம். புல்லுக்கு தண்ணி ஊத்தற நேரம் விடியக்காலை அஞ்சரை, இல்லன்னா ராத்திரி. அந்த நேரத்துக்கு எந்த அதிகாரி மேட்டு ரோட்டுல ஏறி எட்டிப் பார்ப்பார். சரி காலையில எட்டு மணிக்கு போய் புல்லு ஈரமா இருக்கான்னு பார்க்கலாம்னா, பனிக்காலம் முடியற வரைக்கும் நீலகிரியில எந்தப் புல்லு காலையில காஞ்சு கிடக்கு? ஈரத்தை வச்சு எதையும் சொல்ல முடியாது.

இதை விட எனக்கு உறுத்தற விஷயம் வேற. ஹோஸை புடிச்சுட்டு நிக்கறவர் யாரு? தோட்டக்காரர், இல்லன்னா வாட்ச்மேன். முதலாளி சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பார், போன்ல "புல்லு காயாம பாத்துக்கோ"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சுடுவார். அதிகாரி வந்து கேட்டா பேர், விலாசம் கொடுக்கறது தோட்டக்காரர், திட்டு வாங்கறதும் அவர்தான், சில இடத்துல ஃபைனை சம்பளத்துல புடிச்சாலும் கேக்க நாதி இல்ல. முதலாளிக்கு 5,000ங்கறது ஒரு ராத்திரி வாடகைக்குக் கூட காணாது. அதனால ஃபைன் வேண்டாம்னு நான் சொல்லல, ஆள் பேர்ல போடாம சொத்து வரி எண், குடிநீர் இணைப்பு எண் பேர்ல போடணும், வரி ரசீதோட சேர்ந்து முதலாளி கைக்கு போகணும்னு சொல்றேன். இந்த ஒரு மாத்தம் இல்லாம ஃபைன் வந்துச்சுன்னா அது ஏழைங்க மேல போடற ஃபைனாதான் முடியும்.

ரெண்டாவது, முறைநாள். ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் பல ஊர்ல ஒத்தைப்படை கதவு எண் ஒரு நாள், ரெட்டைப்படை மறுநாள்னு வச்சிருந்தாங்க. கேக்க நியாயமா இருக்கும். இங்க கதவு எண்ணை பாருங்க, பழைய எண் ஒண்ணு, புது எண் ஒண்ணு, நடுவுல சாய்கோடு, கடைசியில ஏ, பி, சி. பழைய பங்களாக்களுக்கு பேர் மட்டும்தான், எண் எங்கன்னு போஸ்ட்மேனை கேட்டாத்தான் தெரியும். அதெல்லாம் சரி பண்ணிட்டாலும் இந்த முறையில அடிப்படையிலயே ஒரு கோளாறு, "இன்னிக்கு நம்ம நாள்"னு ஆயிட்டா தேவை இல்லன்னாலும் ஊத்தத் தோணும். தண்ணி நெறைய இருக்கற ஊர்ல அழுத்தத்தை பிரிச்சு விட இது சரி, அணை அடிமட்டத்துல இருக்கும்போது இது எதுக்கு. இதை இத்தோட விட்டுடலாம்.

போட்டோ எடுத்து குரூப்ல போடற யோசனை இளவட்டங்களுக்கு ரொம்ப புடிச்சிருக்கு. செலவு இல்ல, உடனே வேலை நடக்கும், ஊரே பார்க்கும். கலிஃபோர்னியாவுல 2015 வறட்சியில பணக்கார வீட்டு புல்வெளியையெல்லாம் படம் புடிச்சு போட்டு அவமானப்படுத்தினாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. முதல் காரணம் மேல சொன்னதுதான், படத்துல விழறது தோட்டக்காரர் மூஞ்சி. அடுத்தது, படத்தை பார்த்து அது என்ன தண்ணின்னு யாருக்கு தெரியும், குளிச்ச தண்ணியை புடிச்சு வச்சு ஊத்தறவங்க இருக்காங்க, மழைத்தண்ணி தொட்டி வச்சிருக்கறவங்க இருக்காங்க, அவங்களையும் சேர்த்து கழுவி ஊத்திடுவோம். அப்புறம் வேலித் தகராறு, பார்க்கிங் தகராறு, தேர்தல் பகைன்னு ஏற்கனவே இருக்கற கணக்கையெல்லாம் இதுல தீர்த்துக்குவாங்க. நாளைக்கு முகத்தை முகம் பார்த்து வாழ வேண்டிய சின்ன ஊருங்க இது.

கேப் டவுன்ல 2018ல இதையே தலைகீழா பண்ணினாங்க, அது நல்லா இருந்துச்சு. ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர்னு வரம்பு போட்டு, குறைவா செலவு பண்ற வீடுகளுக்கு ஆன்லைன் மேப்ல பச்சைப் புள்ளி வச்சாங்க. திட்டறதுக்கு பதிலா நல்லா நடந்துக்கறவங்களை காட்டினாங்க. ஆனா அதுக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் கணக்கு வேணும்.

மீட்டருக்கு வருவோம். நீண்ட காலத்துக்கு இதுதான் சரியான வழின்னு படிச்சவங்க எல்லாரும் சொல்றாங்க, நானும் ஒத்துக்கறேன். அடிப்படை அளவு வரைக்கும் குறைஞ்ச விலை, அதுக்கு மேல போகப் போக விலை ஏறும், புல்லுக்கு ஊத்தறவர் தானா யோசிப்பார், யாரும் போய் எட்டிப் பார்க்க வேண்டாம். ஆனா எல்லா இணைப்புக்கும் ஓடற மீட்டர் மாட்டி, மாசாமாசம் ரீடிங் எடுத்து பில் போட வருஷக்கணக்குல ஆகும், வர்ற மார்ச்சுக்கு உதவாது. இன்னொண்ணு, ஒரு இணைப்புல அஞ்சாறு லைன் வீடு சேர்ந்து தண்ணி புடிக்கற இடங்கள்ல அப்படியே ஏறு விலையை போட்டா அவங்க பில்லு ரிசார்ட் பில்லு மாதிரி வந்து நிக்கும். குடும்பத்தை எண்ணி போடணும், அதை செய்யாத மீட்டர் திட்டம் ஆபத்து. அதனால முதல்ல வணிக இணைப்புகளுக்கு மட்டும் மாட்டச் சொல்லலாம், காட்டேஜ், ரிசார்ட், ஹோம்ஸ்டே. எண்ணிக்கை கம்மி, புல்வெளி பெருசு.

கனெக்‌ஷன் கட் பண்றது, இல்லன்னா ஓட்டத்தை குறைக்கறது. கலிஃபோர்னியாவுலயே லாஸ் விர்ஜினெஸ்ங்கற தண்ணி மாவட்டத்துல 2022ல வரம்பை மீறி மீறி செலவு பண்ண வீடுகளோட இணைப்புல ஓட்டத்தை சுருக்கற ஒரு தட்டை மாட்டி விட்டாங்க, சினிமா நட்சத்திரங்க வீடுன்னும் பார்க்கல. குடிக்க, சமைக்க தண்ணி வரும், ஸ்பிரிங்ளர் மட்டும் ஓடாது. கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. ஆனா அங்க 24 மணி நேரமும் குழாய்ல தண்ணி நிக்குது, இங்க சில நாளைக்கு ஒரு தடவை ஒண்ணு ரெண்டு மணி நேரம் வருது, அந்த நேரத்துல யார்கிட்ட பெரிய சம்ப் இருக்கோ அவங்க ரொப்பிக்கறாங்க. பைப்பை சுருக்கினா கொஞ்சம் பலன் இருக்கும், நேரா மெயின் லைன்ல மோட்டார் போட்டு உறிஞ்சறவங்க இருந்தா அதுவும் இல்ல. மோட்டார் போட்டு உறிஞ்சறதுக்கு ஏற்கனவே எல்லா ஊர்லயும் தடை இருக்கு, பறிமுதல் பண்றாங்க, அதை கோடை ஆரம்பத்துலயே கடுமையா செஞ்சாலே பாதி சரியாகும். முழுசா கட் பண்றதை நான் எதிர்க்கறேன், அந்த வளாகத்துலயே வாட்ச்மேன் குடும்பம் இருக்கும், அவங்களுக்கும் அதே குழாய்தான்.

எனக்கு ரொம்ப புடிச்சது இங்கிலாந்து முறை, அதுவும் ரொம்ப எளிமையானது. அங்க வறட்சி வந்தா ஹோஸ் பைப்புக்கு தடை போடுவாங்க, மீறினா 1,000 பவுண்டு வரைக்கும் ஃபைன் போட சட்டத்துல இடம் இருக்கு, ஆனா வாளியிலயும் பூவாளியிலயும் எவ்வளவு வேணும்னாலும் ஊத்திக்கலாம். முதல்ல கேட்டப்போ இது என்ன ஏமாத்து வேலைன்னு தோணும், யோசிச்சா தெரியும் அதோட சூட்சுமம். 1,600 லிட்டரை அரை இஞ்ச் ஹோஸ்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஊத்திடலாம், வெத்தலை பாக்கு போட்டுக்கிட்டே. அதையே 10 லிட்டர் பூவாளியில ஊத்தணும்னா 160 நடை. எந்தத் தோட்டக்காரரும் செய்ய மாட்டார், எந்த முதலாளியும் கேக்க முடியாது. ரெண்டு ரோஜாத் தொட்டி, ஒரு கறிவேப்பிலை, பாட்டி வச்ச ஜெரேனியம், இதுக்கெல்லாம் பூவாளி போதும். ஆக விதியே தன்னைத்தானே அமல்படுத்திக்குது. யாரும் லிட்டர் அளக்க வேண்டாம், எந்த நாள்னு பார்க்க வேண்டாம், ரோட்டுல இருந்து பார்த்தாலே ஹோஸா பூவாளியான்னு தெரியும்.

ராத்திரி ஊத்தறவங்களுக்கு என்ன பண்றதுங்கற கேள்வி அப்பவும் நிக்குது. இதுக்கு எங்க கூட்டத்துல ரிட்டையர்டு மின்வாரிய ஊழியர் ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார், கரண்ட் மீட்டருக்கு சீல் வைக்கற மாதிரி தோட்டக் குழாய்க்கும் ஸ்பிரிங்ளர் வால்வுக்கும் சீல் வச்சுடலாம்னு. எனக்கு சட்டுனு புடிச்சுப் போச்சு. மத்த எல்லா முறையிலயும் தப்பு நடக்கற நேரத்துல நாம அங்க நிக்கணும், இதுல பகல் பதினொரு மணிக்கு சாவகாசமா போய் சீல் இருக்கா இல்லையான்னு பார்த்தா போதும், சீல் உடைஞ்சிருந்தா யார் உடைச்சாங்கன்னு விசாரணை வேண்டாம், அந்த இணைப்பு எண்ணுக்கு நோட்டீஸ். தோட்டக்காரருக்கும் இது ஒரு பாதுகாப்பு, "சீல் வச்சுட்டாங்க சார், என்னால முடியாது"ன்னு போன்லயே சொல்லிடலாம். சமையல்கட்டு குழாய்ல இருந்து ஹோஸை இழுத்துட்டு வர்றவங்க இருப்பாங்க, இருக்கட்டும், நூத்துல அஞ்சு பேரை எந்த சட்டமும் புடிக்காது. எல்லா வீட்டுக்கும் சீல் வைக்கறதும் நடக்கற காரியம் இல்ல, 5 சென்ட்டுக்கு மேல புல்வெளி வச்சிருக்கற இடங்களுக்கு மட்டும் வைக்கலாம்.

இதுவரைக்கும் பேசினது நகராட்சித் தண்ணி. பெரிய காட்டேஜ்காரங்களை கேட்டா "நாங்க முனிசிபல் தண்ணியே தொடறதில்ல, எங்க இடத்துல ஊத்து இருக்கு, பத்தாததுக்கு வண்டித் தண்ணி வாங்கறோம்"னு சொல்வாங்க. பொய் இல்ல. ஆனா மலையில சொந்த ஊத்துன்னு ஒண்ணு கிடையாது, மேல கருப்பு பைப்பை போட்டு இழுத்துட்டா கீழ ஓடையில அந்த அளவு குறையும், கீழ இருக்கற ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல, கிணறு வத்தும். வண்டித் தண்ணியும் அப்படித்தான், பிக்கப்புல சின்டெக்ஸ் டேங்கை கட்டிட்டு எந்த ஓடையில, யாரோட கிணத்துல ரொப்பிட்டு வர்றாங்கன்னு ஒரு கணக்கும் வெளிய தெரியறதில்ல. அதனால வெறும் ஹோஸ் தடை போட்டா பெரிய இடத்துக்காரங்க வண்டித் தண்ணிக்கு மாறிட்டு பச்சையா இருப்பாங்க, வண்டி விலை ஏறும், குடிக்க வண்டித் தண்ணி வாங்கற சாதாரண ஆளுக்கு அதுவும் கிடைக்காது. வண்டி ஒவ்வொண்ணுக்கும் பதிவு, எங்க எடுத்து எங்க இறக்கறாங்கன்னு ஒரு நோட்டு, இது கட்டாயம் வேணும். 2024 மே மாசத்துல இருந்து டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் கேக்கறாங்க, 2025 கோடையில கோர்ட் சொல்லி நீலகிரிக்கு வார நாள்ல 6,000, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு எண்ணி விட்டாங்க. மலைக்கு வர்ற காரை எண்ண முடியுதுன்னா மலைக்குள்ள ஓடற தண்ணி வண்டியை எண்ண முடியாதா என்ன.

எல்லைப் பிரச்சனையும் இருக்கு. நிறைய ரிசார்ட் எடப்பள்ளி, உபதலை மாதிரி ஊராட்சிப் பக்கம் இருக்கு, வெலிங்டன் கன்டோன்மென்ட் தனி நிர்வாகம். நகராட்சி மட்டும் தீர்மானம் போட்டா வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்பிரிங்ளர் சுத்தும். மனு நகராட்சிக்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒண்ணுன்னு போகணும்.

யாருக்கு விலக்கு கொடுக்கறதுன்னு வந்தா கொஞ்சம் நிதானம் வேணும். கேத்தி பள்ளத்தாக்குல கேரட்டுக்கு ஸ்பிரிங்ளர் போடறது விவசாயம், அதை புல்வெளியோட சேர்த்து பேசவே கூடாது, அது அவங்க சோறு. பூச்செடி நர்சரியும் அப்படித்தான். உறைபனியும் ஒண்ணு இருக்கு, வெளியூர்க்காரங்களுக்கு இது தெரியாது. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ஊட்டிப் பக்கம், தலைகுந்தா, காந்தல் மாதிரி தாழ்வான இடங்கள்ல புல்லு மேல வெள்ளையா பனி உறைஞ்சுடும், வெயில் பட்டதும் கருகிடும், அதனால வெயில் ஏறறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு பனியை கரைக்கறது வழக்கம், தாவரவியல் பூங்காவுலயே அப்படித்தான் பண்றாங்க, பூச்செடிக்கு கோத்தகிரி மிலார் செடியை வச்சு மூடி வைப்பாங்க. தடையை ஜனவரியிலயே கொண்டு வந்தா இது ஒரு சாக்காகும். பனி ஓயற வரைக்கும் விடியக்காலை தெளிக்க விட்டுட்டு, மார்ச் முதல் தேதியில இருந்து முழுசா நிறுத்தலாம். ஊட்டி ஆளுங்க இதே மாதிரி மனு போட்டா இந்த வரியை விட்டுடாதீங்க.

அரசாங்க பூங்காக்கள்தான் தர்மசங்கடம். மே மாசம் ஊட்டியில மலர்க் கண்காட்சி, நம்ம சிம்ஸ் பூங்காவுல பழக் கண்காட்சி, அதுக்கு புல்லை பச்சையா வச்சுத்தான் ஆகணும், ஊருக்கே வருமானம் அதுல இருக்கு. 1848லயும் 1874லயும் ஆரம்பிச்ச பூங்காக்களை காயப் போட யாருக்கும் மனசு வராது. ஆனா பூங்காவுல ஸ்பிரிங்ளர் சுத்தறதை பார்க்கற காட்டேஜ்காரர் "அவங்களுக்கு ஒரு சட்டம் எங்களுக்கு ஒரு சட்டமா"ன்னு கேப்பார், கேக்கறதும் நியாயம். விலக்கு கொடுக்கலாம், கொடுத்தா எவ்வளவு தண்ணி, எங்க இருந்து எடுக்கறாங்கன்னு வாசல்ல போர்டுல எழுதி வைக்கணும். சங்கத்துல இதுக்கு இன்னும் ஒத்த கருத்து வரல.

ஆக என் ஓட்டு இப்படி. எல்லாருக்கும் ஹோஸ் தடை, பூவாளிக்கு அனுமதி. 5 சென்ட்டுக்கு மேல புல்வெளி இருந்தா தோட்டக் குழாய்க்கு சீல். முதல் தடவை நோட்டீஸ், ரெண்டாவது தடவை இணைப்பு எண் பேர்ல ஃபைன், வீட்டுக்கு ஒரு தொகை, ரூம் வாடகைக்கு விடற இடத்துக்கு அதைப் போல பல மடங்கு, மூணாவது தடவை வாடகைக்கு விடற உரிமத்துல கை வைக்கணும். வண்டித் தண்ணிக்கு பதிவு நோட்டு. மீட்டர் வணிக இணைப்புகள்ல இந்த வருஷமே ஆரம்பிக்கட்டும். போட்டோ வேண்டாம், முறைநாள் வேண்டாம்.

இதெல்லாம் எப்போ அமலுக்கு வரும்ங்கறதை தேதி வச்சு சொல்லாம அணை மட்டத்தை வச்சு சொல்லணும்னு நினைக்கறேன். ரேலியாவுல 25 அடிக்கு கீழ போனா ஹோஸ் தடை, 15க்கு கீழ போனா சீல், இப்படி முன்னாடியே அறிவிச்சுட்டா யாரும் திடீர்னு பண்ணிட்டாங்கன்னு சொல்ல முடியாது, டீக்கடையில அடிக் கணக்கு பேசறவங்களே மத்தவங்களுக்கு ஞாபகப்படுத்திடுவாங்க. பனிக்கு சொன்ன மார்ச் முதல் தேதி மட்டும் விதிவிலக்கு. 25, 15ங்கறது நான் குத்துமதிப்பா வச்ச எண், வால்வு திறக்கறவங்களையும் பம்ப் ஹவுஸ்ல இருக்கறவங்களையும் கேட்டு திருத்திக்கணும், அவங்களுக்குத்தான் எந்த மட்டத்துக்கு கீழ போனா சேறு வரும்னு தெரியும்.

காட்டேஜ்காரங்க தரப்புல ஒரு பயம் இருக்கு, காஞ்ச புல்லை பார்த்து கெஸ்ட் ரிவியூல கம்மியா ஸ்டார் போட்டுடுவாங்கன்னு. அதுக்கு வாசல்ல ஒரு சின்ன போர்டு போதும், ஊர்ல தண்ணித் தட்டுப்பாடு, அதனால இந்தப் புல்லுக்கு தண்ணி விடறதில்லன்னு. கூடவே இன்னொரு லாபமும் இருக்கு. சுத்துவட்டாரம் எல்லாம் காஞ்சு கிடக்கும்போது பச்சையா இருக்கற ஒரே புல்வெளியைத் தேடி ராத்திரி காட்டெருமை வருது, கூட்டமா வந்து மேய்ஞ்சு வேலியை சாச்சுட்டு போகுது, காலையில கதவை திறக்கற கெஸ்ட் அலறி அடிச்சுட்டு ஓடறார். போன கோடையில தண்ணி நிறுத்தின ரெண்டு மூணு பேர் இந்தத் தொல்லை குறைஞ்சிருக்குன்னு சங்கத்துல வந்து சொன்னாங்க, மனு கையெழுத்துக்கு போகும்போது மத்த காட்டேஜ்காரங்ககிட்ட அவங்களையே பேச விடலாம்னு இருக்கோம்.